சைக்கிள் சிலுவார் வாங்கும் முன்

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து சைக்கிளில் தைப்பிங் போய்த் திரும்பினால் 100 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் சைக்கிள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், உட்காரும் இடத்தில் பேட் (ஸ்பஞ்ச் மெத்தை) வைத்த சிலுவார் இல்லாமல் வரவேண்டாம்.

தடித்த பேட்தான் சுகம் என்று நினைக்காதீர்கள். பெருவிரலால் அழுத்துங்கள், அடிவரை அமுங்கினால் அந்த ஸ்பஞ்ச் 2 மணி நேரம்கூடத் தாங்காது. உட்காரும் எலும்புகள் பதியும் இரண்டு இடங்களிலும் ஸ்பஞ்ச் கெட்டியாகவும், ஓரங்களில் மெல்லியதாகவும் இருக்கவேண்டும். நடுவில் தையல் ஓடினால் வேண்டாம், அதுதான் தோலை அறுக்கும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது நிமிர்ந்து நிற்காதீர்கள். ஹேண்டல்பாரைப் பிடிப்பதுபோல் குனியுங்கள். நிற்கையில் கொஞ்சம் இறுக்கமாக, குனிந்தால் சரியாக இருப்பதே உங்கள் அளவு. தொளதொளப்பாக இருந்தால் பேட் நகர்ந்து உரசும். தோளில் மாட்டும் பட்டி வைத்த ‘பிப்’ வகை இடுப்பை அழுத்தாது, பேட்டும் நகராது. தூரப் பயணத்துக்கு எங்கள் தேர்வு அதுதான். ஆனால் கழிப்பறைக்குச் சட்டையைக் கழற்றவேண்டிவரும்.

உள்ளே ஜட்டி கூடாது. அதன் தையலும் ஈரமும்தான் புண்ணுக்குக் காரணம். உரசும் இடத்தில் கிரீம் தடவுங்கள். ஓட்டி முடித்ததும் ஈரச் சிலுவாரோடு பசியாற உட்காராமல் உடனே மாற்றுங்கள். குளிர்ந்த நீரில், உட்புறம் வெளியே திருப்பித் துவையுங்கள். சாஃப்ட்னர் வேண்டாம், நிழலில் காயவிடுங்கள்.

உட்காரும் இடம் மரத்துப்போனால் சிலுவாரைக் குறை சொல்லுமுன் சீட்டைப் பாருங்கள். சீட் உயரமாக இருந்தால் மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடும். எந்தப் பேட்டும் அதைச் சரிசெய்யாது. சந்தேகம் இருந்தால் சைக்கிளோடு வாருங்கள், புறப்படும் முன் பார்த்துத் தருகிறோம்.