வேதத்தை நம்பலாமா என்று கேட்பவர்களிடம் பேசும்போது

அன்பு மகளுக்கு,

"வேதாகமத்தை எப்படி நம்புவது?" என்று யாராவது கேட்டால், உடனே பதில் சொல்லத் தொடங்கிவிடாதே. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கும். எழுதியது மாறாமல் நம் கைக்கு வந்ததா? எழுதியவர்களுக்கு நடந்தது தெரியுமா? அற்புதங்கள் நடந்தனவா? எதைக் கேட்கிறார் என்று முதலில் விசாரி. முதல் கேள்விக்கான ஆதாரத்தை மூன்றாவதற்கும் காட்டினால் கேட்பவர் சட்டென்று பிடித்துவிடுவார்.

1947-ல் சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருளையே எடுத்துக்கொள். ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரங்களும் உண்டு. அதுவரை நமக்கிருந்த எபிரெய முழுப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. ஒப்பிட்டால் நூல் அதே நூல்தான். அதற்காக "எழுத்துக்கு எழுத்து மாறவில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதே, அது பொய். எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள் ஏராளம், சில இடங்களில் சொல்லே வேறு. 53:11-ல் பாடுபடும் தேவதாசன் "காண்பார்" என்று பிந்திய பிரதிகள் சொல்கின்றன, எதை என்று சொல்வதில்லை. சுருளில் "ஒளியைக் காண்பார்" என்றிருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அந்த ஒளி உண்டு. இப்படி ஒரு வசனத்தைத் திறந்து காட்டினால் கேட்பவர் அருகில் வந்து உட்காருவார்.

புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கப் பிரதிகள் ஐயாயிரத்துக்கு மேல் என்று பெருமையாகச் சொல்வோம். பெரும்பாலானவை 9-ம் நூற்றாண்டையும் அதற்குப் பின்னும் சேர்ந்தவை என்பதையும் கூடவே சொல். மாற்கு 16:9-20 அந்தச் சுவிசேஷம் முழுதும் உள்ள மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளான சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் பகுதியும் (யோவான் 7:53-8:11) அவற்றில் இல்லை. நம் பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7-ல் வரும் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" பழைய கிரேக்கப் பிரதிகள் எதிலும் கிடையாது. இதையெல்லாம் அவர்கள் வேறிடத்தில் படித்துவிட்டு உன்னிடம் வருவதற்குள் நீயே சொல்லிவிடு, மகளே. மறைத்தாய் என்று தெரிந்தால் அதன்பின் நீ சொல்லும் உண்மையும் எடுபடாது.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-ல் நிசேயாவில் கூடிய சபைச் சங்கத்தில் வேதாகம நூல்களைத் தேர்ந்தெடுத்தார் என்பார்கள். அந்தச் சங்கத்தின் தீர்மானங்களில் அப்படி ஒன்றுமில்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே வரும் முதல் பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367-ல் எழுதிய கடிதத்தில்தான். அதற்கு முன் எபிரெயர், 2 பேதுரு, வெளிப்படுத்தல் குறித்துச் சபைகளுக்குள் தயக்கம் இருந்ததும் உண்மை.

செசரியாவில் 1961-ல் கிடைத்த கல்லில் இயேசுவுக்குத் தீர்ப்பளித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் பெயர் இருக்கிறது. அது பிலாத்து இருந்ததைக் காட்டும், உயிர்த்தெழுதலைக் காட்டாது. இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா 2:2 சொல்லும் சிரேனியு ஆளுநரின் குடிமதிப்பு நிஜமான சிக்கல்: யூத வரலாற்றாசிரியர் யோசிபஸ் அதைக் கி.பி. 6-ல் வைக்கிறார், இயேசு பிறந்ததோ ஏரோது ராஜாவின் நாட்களில், அவன் இறந்தது கி.மு. 4 என்பதே பெரும்பாலோர் கணக்கு. விளக்கங்கள் உண்டு, எல்லாரும் ஏற்றது ஒன்றுமில்லை. அதை அப்படியே சொல்.

"வேதமே தன்னைத் தேவவாக்கு என்கிறதே" என்று 2 தீமோத்தேயு 3:16-ஐ ஆதாரமாக வைக்காதே. நம்பாதவருக்கு அது பதிலாகாது. மாறாக, மாற்கு சுவிசேஷத்தை ஒரே மூச்சில் வாசிக்கச் சொல், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. எங்கே தடுக்கியது என்று கேள். அடுத்த பேச்சை அந்த வசனத்திலிருந்து தொடங்கு.

அன்புடன்,
அப்பா