59.4 என்றே போடு

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். "பி.காம்.ல 59.4 சதவீதம் தானேப்பா, வேலைக்கான ஃபார்ம்ல 60னு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் பாதியில் நீ அழுதுவிடுவாய், எனக்கும் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

போடாதே. 59.4 என்றே போடு.

வங்கித் தேர்வு அறிவிப்புகளைப் பார், 59.99 எடுத்திருந்தாலும் 60க்குக் கீழேதான் என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். தனியார் கம்பெனிகள் ஆளை எடுத்துக்கொண்டு, அப்புறம் மார்க் ஷீட்டைச் சரிபார்க்க அனுப்புவார்கள். எங்கள் லிங்கிச் செட்டித் தெருவில் பக்கத்து ஆபீஸில் இருந்த ஒரு பையன், நல்ல வேலைக்காரன், பெரிய இடத்துக்குப் போனான். நாலு மாதம் கழித்து சரிபார்ப்பில் மார்க் ஒத்துப்போகவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். குறைந்த மார்க்குக்காக அவனை அனுப்பவில்லை, மாற்றி எழுதியதற்காக அனுப்பினார்கள். அடுத்தவர் பணத்துக்குக் கணக்கு வைக்கிற தொழிலில் இந்தப் பேர் ஒருமுறை வந்தால் போகாது.

மார்க் முக்கியமே இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்ற எனக்கு மனசு வரவில்லை. ஆரம்ப வேலைகளுக்கு அது முக்கியம்தான். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது, பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 என்று ஒரு கோடு போட்டுப் பாதிப் பேரைக் கழித்துவிடுகிறார்கள். நீ எப்படிப்பட்ட பெண் என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. நான் 1992இல் மாலைக் கல்லூரியில் மூன்றாம் வகுப்பில் பி.காம். முடித்தேன். அதைப் பார்த்துவிட்டு என்னை வவுச்சர் ஒட்டத்தான் உட்கார வைத்தார்கள். கூடச் சேர்ந்தவரைவிட இரண்டு வருஷம் குறைந்த சம்பளம் வாங்கினேன். மூன்றாவது வருஷம் துறைமுகக் கட்டணக் கணக்கை என் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை என் மார்க்கை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷம் போனது போனதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த 0.6 எங்கே போனது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது செமஸ்டரில் ஆயா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ராத்திரியில் கூட இருக்க உன்னைத்தான் அனுப்பினேன். அம்மாவுக்கு முட்டி வலி, எனக்கு மாதக் கடைசிக் கணக்கு. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை வார்டு வராந்தாவில் வைத்துப் படித்தாய். அதில் அரியர் விழுந்தபோது உன்னைத் திட்டவும் செய்தேன். அது என் தப்பு, பாப்பா. இன்டர்வியூவில் ஏன் மார்க் குறைந்தது என்று கேட்டால் இதை இரண்டு வரியில் சொல். அடுத்த செமஸ்டரிலேயே அந்த அரியரை முடித்ததையும் சொல். அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இப்போது 59.4ஐ வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம். அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்க ஐ.பி.பி.எஸ். நடத்தும் பி.ஓ., அதாவது வங்கி அதிகாரி தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், இத்தனை சதவீதம் வேண்டும் என்று கிடையாது. ஸ்டேட் பாங்க் பி.ஓ.வும் அப்படித்தான். ஐ.பி.பி.எஸ்.ஸில் மெயின்ஸ் என்கிற முதன்மைத் தேர்வு மார்க்குக்கு 80, இன்டர்வியூவுக்கு 20 என்று கணக்கிட்டு எடுக்கிறார்கள், கல்லூரி மார்க் அதில் சேராது. தப்பான பதிலுக்குக் கால் மார்க் போகும், அதனால் தெரியாததைத் தொடாதே. ரிசர்வ் வங்கியின் கிரேட் பி அதிகாரி வேலைக்கு நம்மைப் போன்ற பொதுப் பிரிவினருக்கு டிகிரியில் 60 வேண்டும், அது உனக்கு இப்போது இல்லை. ஆனால் எம்.காம்.மில் 55 எடுத்தால் அந்த வழியாகப் போகலாம்.

எனக்கு மனசில் இருப்பது சி.ஏ., அதாவது பட்டயக் கணக்காளர் படிப்புதான். பி.காம்.மில் 55 சதவீதம் இருந்தால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வை எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். உன்னிடம் அதற்கு மேலேயே இருக்கிறது. ஆடிட்டரிடம் பயிற்சி எடுக்கிற ஆர்ட்டிகிள்ஷிப்பும் மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. ஒவ்வொரு பேப்பரிலும் 40, பேப்பர்கள் சேர்ந்த குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம் வாங்க வேண்டும். கஷ்டம்தான், பலர் பல தடவை எழுதுகிறார்கள். ஆனால் சி.ஏ. என்பது பேரோடு சேர்ந்துவிட்டால் அப்புறம் பி.காம். மார்க்கைக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. இன்வெஸ்ட்மென்ட் பாங்க் வேலை நேரடியாகக் கிடைப்பது கடினம். அதற்குப் பெரிய கல்லூரிகளுக்கே வந்து ஆள் எடுக்கிறார்கள். அதை நினைத்து இப்போது ஏங்காதே.

உனக்கு இந்த வேலை வரும் என்று நான் பாசத்தில் சொல்லவில்லை. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது ஒரு நாள் நான் ஆபீஸ் லெட்ஜரை வீட்டுக்குக் கொண்டுவந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கணக்கில் 450 ரூபாய் ஒத்துவராமல் உதைத்தது. நீ எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்பதால வகுபடுதுப்பா, எங்கேயோ நம்பர் இடம் மாறியிருக்கும்" என்றாய். தேடினால், 3,720 என்பதை 3,270 என்று எழுதியிருந்தேன். அந்தப் பழக்கம் உன் மார்க் ஷீட்டில் இல்லை. அதனால் ரெஸ்யூமேயில் டேலியும் எக்ஸெல்லும் தெரியும் என்பதோடு நிறுத்தாதே. இப்போது இருக்கிற வேலையில் மாதம் எத்தனை கணக்கை பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்க்கிறாய், எத்தனை பிழை கண்டுபிடித்தாய் என்று எண்ணோடு எழுது.

சி.ஏ.வுக்குப் பணம் எப்படி என்று யோசிக்காதே. அம்மாவின் சீட்டு தை மாதம் முடிகிறது, அதை உனக்கென்றுதான் வைத்திருக்கிறாள்.

மூன்றாவது செமஸ்டர் மார்க் ஷீட் பீரோவில் ஆயாவின் ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் இருந்தது. ஜெராக்ஸ் எடுத்துவிட்டு நாளைக்கு ஒரிஜினலை கூரியரில் அனுப்புகிறேன். லேமினேட் செய்துவிடாதே. ஃபார்ம் அனுப்பக் கடைசித் தேதி என்றைக்கு என்று சொல்.

அன்புடன்,
அப்பா