அஞ்சல் புதிய சர்வருக்கு மாறியது: அமைப்புகளைச் சரிபார்க்கவும்

நண்பர்களே, நம் டொமைனின் மின்னஞ்சல் கணக்குகள் நேற்றிரவு புதிய சர்வருக்கு மாற்றப்பட்டன. கைபேசி, கணினி இரண்டிலும் அமைப்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உள்வரும் அஞ்சலுக்கு ஐமேப், போர்ட் 993. வெளிச்செல்லும் அஞ்சலுக்கு எஸ்எம்டிபி, போர்ட் 465. அது இணையாவிட்டால் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற குறியாக்க முறையுடன் 587. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் முழு முகவரியையும் எழுதுங்கள். @ குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் எழுதிவிட்டு, ‘கடவுச்சொல் தவறு என்கிறது’ என்று காலையிலேயே மூவர் அழைத்துவிட்டார்கள்.

நம் மடல்கள் ஸ்பேமில் விழுந்துகொண்டிருந்ததற்கும் காரணம் அகப்பட்டது. டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் முகவரிப் பதிவேட்டில், இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் (நம் பெயரில் எந்தச் சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்பவை) இருந்தன: ஒன்று பழைய சர்வருக்கு, மற்றொன்று செய்திமடல் சேவைக்கு. இரண்டாவதைச் சேர்த்தவன் நான்தான். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் அதைப் பிழையாகவே கொள்ளும். இப்போது இரண்டையும் ஒரே வரியில் இணைத்துவிட்டேன். மடல்களில் மின்கையொப்பம் இட உதவும் டிகேஐஎம் சாவியும் புதியது. இந்தச் சோதனைகளில் தேறாத மடலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் மட்டும் இப்போதைக்குக் கண்காணிப்பு நிலையில் இருக்கிறது. இரண்டு வார அறிக்கைகளைப் பார்க்காமல் அதை இறுக்குவதாக இல்லை.

நமக்கு வரும் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவின் மாற்றம் எல்லா இடங்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. ஓரிரு மடல்கள் பழைய பெட்டியிலேயே விழக்கூடும். அதனால் பழைய கணக்கை ஞாயிறுவரை மூடமாட்டேன். தினமும் ஒருமுறை வெப்மெயில் வழியாக அங்கும் எட்டிப் பாருங்கள்.

ஐமேப்புக்குப் பதில் பாப்3 (மடல்களைச் சாதனத்தில் இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து நீக்கிவிடக்கூடிய முறை) பயன்படுத்துவோர் ‘சர்வரில் நகலை வைத்திரு’ என்பதைத் தேர்வு செய்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். கடவுச்சொல்லைத் தயவுசெய்து இந்தக் குழுவில் பதிவிட வேண்டாம்.