கணக்கு எழுதுகிறவருக்கும் சம்பளம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேவை அமைப்புக்கு ஆலோசகர் எதற்கு, அவருக்குக் கொடுக்கிற பணத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டலாமே என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கத்துச் சின்ன டிரஸ்ட்டுகளுக்கும் சங்கங்களுக்கும் அந்த ஆலோசகர் வேலையைத்தான் நான் செய்து பிழைக்கிறேன், அதனால் பதில் சொல்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் முதலில் சோறு பொங்கிக் கொடுத்தவர்களில் அந்தந்த ஊர் இளைஞர் மன்றங்களும் ஜமாத்துகளும் சர்ச்சுகளும் உண்டு. ஆனால் கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் அவர்களில் பலருக்குப் போக வழியில்லை, ஏனென்றால் அதை வாங்கிச் செலவழிக்கும் அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும் (ஒன்று அமைப்புக்கும் மற்றது நன்கொடையாளருக்கும் வரிச் சலுகை தருவது) மூன்று வருட அனுபவமும் வேண்டும், 2021 ஏப்ரலில் இருந்து மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்கிற சி.எஸ்.ஆர்.-1 பதிவும் கட்டாயம். மனசு இருந்தது, காகிதம் இல்லை.

காகிதமாவது எழுதிவிடலாம். கஷ்டமானது வேறு. இங்கே பாதி அமைப்புகளில் எல்லாமே ஒரு அண்ணாச்சியின் தலைக்குள் இருக்கும், டிரஸ்டிகள் யார் என்று பார்த்தால் அவர் மனைவி, மச்சினன், மகன். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு டிரஸ்ட்டில், செக்கில் கையெழுத்துப் போடும் ஒரே ஆள் ஆஸ்பத்திரியில் படுத்ததும் டீச்சர்களின் சம்பளம் நின்றுபோனது, பேங்கில் பணம் இருந்தும். மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்து, ஒழுங்கான வவுச்சர், உண்மையிலேயே கூட்டம் போட்டு எழுதுகிற மினிட் புத்தகம், அண்ணாச்சிக்கு அடுத்து யார் என்ற முடிவு, இதெல்லாம் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். ரொம்ப நேரம் போவது அவரைச் சம்மதிக்க வைப்பதில்தான்.

இதற்கு யாரும் பணம் தரமாட்டேன் என்கிறார்கள். நோட்டுப் புத்தகம், தையல் மெஷின் என்றால் உடனே வரும், போட்டோவும் எடுக்கலாம். கணக்கரின் சம்பளம் என்றால் 'நிர்வாகச் செலவு' என்று முகம் சுளிப்பார்கள். வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகத்துக்கு 20 சதவீதம்தான் என்று வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் வரம்பு போட்டது (அதற்கு முன் 50), அது சட்டம், சரி. ஆனால் சி.எஸ்.ஆரில் சொல்லப்படும் 5 சதவீதம் கம்பெனி தன் சொந்த நிர்வாகத்துக்கு எடுத்துக்கொள்வதற்கான வரம்பு. அதை டிரஸ்ட்டின் தலையில் கட்டி, உங்களுக்கும் அஞ்சுதான் என்று பேசுகிற கம்பெனி அதிகாரிகளோடு நான் மல்லுக்கட்டாத வருடம் இல்லை.

எங்கள் தொழிலிலும் மோசமான ஆட்கள் உண்டு. வருகிற நன்கொடையில் பத்து சதவீதம் எனக்கு என்று பேரம் பேசுகிறவர், ஒரே திட்ட அறிக்கையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நாலு டிரஸ்ட்டுக்கு விற்கிறவர். அந்த வாசகரின் கோபம் இவர்கள் மேல் என்றால் நானும் அவர் பக்கம்தான். கட்டணத்தை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், வேலை முடிந்ததும் எங்களை அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் பி.காம். முடித்து வேலைக்காகச் சென்னைக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிற பிள்ளைகளில் ஒருவரை, மூன்று நாலு டிரஸ்ட்டுகள் சேர்ந்து பொதுக் கணக்கராக வைத்துக்கொள்ளலாம். அந்தச் சம்பளத்தை ஒரு வருடம் மட்டும் ஏற்கிற நன்கொடையாளர் யாராவது உண்டா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை