எட்டு டீமும் ஒரே ரிங்க்கும்

ரெவல்ஸ்டோக், பிரிட்டிஷ் கொலம்பியா
பிப்ரவரி 2026

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. இளையோர் ஹாக்கி உலகக் கோப்பைக்குப் பயல்களை வேன் பிடித்து மதுரைக்குக் கூட்டிப்போன கதையை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நம் ஊர்ப் பக்கத்திலேயே உலகக் கோப்பை நடக்கும் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா!

மே மாதம் கோவில்பட்டியில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 16 டீம் வைத்துப் போட்டி நடத்தப்போவதாக எழுதியிருந்தாய். இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துகிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். சரியான நேரத்தில்தான் கேட்டாய். போன வாரக் கடைசியில் எங்கள் ஊரில் 11 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான ஐஸ் ஹாக்கிப் போட்டி நடந்து முடிந்தது. என் மகள் ஊர் டீமில் டிஃபென்ஸ் ஆடுகிறாள். இந்த வயதில் பையன்களும் பெண்களும் ஒரே டீமில் ஆடுவது இங்கே சாதாரணம். ஆட்ட அட்டவணை போடுவதும் ஸ்கோர் மேஜையில் உட்காருவதும் என் வேலை.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ரெவல்ஸ்டோக்கில் எட்டாயிரம் பேருக்குக் கொஞ்சம் அதிகம். கனடியன் பசிபிக் ரயில் பாதையால் உருவான ஊர் இது. 2007-இல் மலைச்சறுக்கு ரிசார்ட் திறந்தபிறகு குளிர்காலத்தில் ஹோட்டல் அறை கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தாலும் விலை தாங்காது. அதனால்தான் நாங்கள் நீண்ட விடுமுறை வரும் வாரக் கடைசியைத் தொடுவதே இல்லை. அறைகளைக் கோடையிலேயே மொத்தமாகப் பேசி வைத்துவிடுகிறோம். வசதி குறைந்த குடும்பங்களை உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தடவை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கோல்கீப்பர் பையனும் அவன் அப்பாவும் படுத்துக்கொண்டார்கள். அந்தப் பையனுடைய கால் பேடுகளைக் காயப்போட இடம் தேடியதுதான் பெரிய வேலையாகிவிட்டது.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வருகிற எந்த டீமும் ஒரே மேட்சோடு திரும்பிப் போகாது. ஒவ்வொரு டீமுக்கும் நாலு மேட்ச் நிச்சயம். அழைப்பிலேயே அதை எழுதிவிடுவோம். எட்டு டீமை இரண்டு பிரிவாகப் பிரித்தால் பிரிவுக்கு நாலு டீம். பிரிவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் 12 மேட்ச். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரிவில் முதலில் வந்தவர்கள் மற்றதில் முதலில் வந்தவர்களோடும், இரண்டாவது இரண்டாவதோடும், மூன்றாவது மூன்றாவதோடும், கடைசி கடைசியோடும் மோதுவார்கள். அதற்கு 4 மேட்ச். ஆக மொத்தம் 16. வெள்ளி சாயங்காலம் நாலு, சனிக்கிழமை எட்டு, ஞாயிறு நாலு. ஒரு மேட்சுக்கு ஐஸைச் சமன்படுத்தும் நேரத்தையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கினால் ஒரே ரிங்க்கில், அதாவது ஒரே ஐஸ் ஆடுகளத்தில், அடங்கிவிடுகிறது.

நாக்-அவுட் வைத்தால் ஏழே மேட்சில் கோப்பையைக் கொடுத்துவிடலாம். ஆனால் வந்த எட்டு டீமில் நாலு டீம் முதல் நாளே பெட்டியைக் கட்ட வேண்டும். எட்டாம் வகுப்பில் திண்டுக்கல்லுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? காலை ஏழு மணிக்கு முதல் மேட்ச். ஒரு கோலில் தோற்றோம். ஒன்பது மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ரைட் இன் ஆடியவன் ஊர் வந்து சேரும்வரை யாரோடும் பேசவில்லை. அடுத்த வருஷம் அவன் ஸ்டிக்கைத் தொடவே இல்லை. அவன் நல்ல ஆட்டக்காரன் என்று உனக்கும் தெரியும். அவனுக்கு அன்றைக்கு இன்னும் மூன்று மேட்ச் கிடைத்திருக்க வேண்டும் என்று இந்த வயதிலும் எனக்குத் தோன்றுகிறது. மதுரையிலும் சென்னையிலும் நடந்த அந்த உலகக் கோப்பையிலேயே தோற்ற நாடுகளை உடனே அனுப்பிவிடவில்லையே. 24 டீமும் கடைசி இடம்வரை வரிசைக்காக ஆடினார்கள். பெரியவர்கள் நடத்தும் போட்டியிலேயே அப்படி என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாம் செய்யக் கூடாதா?

கடைசி இடத்துக்கான மேட்சைப் பார்க்க யார் வருவார்கள் என்று உன் கமிட்டியில் யாராவது கேட்பார்கள். இங்கே வந்தார்கள். முதல் மூன்று மேட்சிலும் பெரிய வித்தியாசத்தில் தோற்ற ஒரு டீம், ஞாயிற்றுக்கிழமை காலையில் தனக்குச் சமமான டீமைச் சந்தித்தது. கடைசி நிமிஷம்வரை 3-3. அதிலும் அவர்கள் 4-3 என்று தோற்றுத்தான் போனார்கள். ஆனால் அந்தக் கோச் என் மேஜைக்கு வந்து, இந்த சீசனில் தன் பிள்ளைகள் கடைசிவரை ஜெயிக்கலாம் என்று நம்பி ஆடிய முதல் மேட்ச் இதுதான் என்றார். இன்னொன்றும் செய்கிறோம். புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்போம், ஆனால் ஒரு மேட்சுக்கு ஐந்து கோலுக்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டோம். அப்போதுதான் பலமான டீம் பலவீனமான டீமைப் போட்டு அடிக்காது.

அட்டவணை போடுவதில் எனக்குக் குருவாக இருப்பவர் தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. அவருடைய பிள்ளைகள் ஆடி முடித்து வேலைக்கே போய்விட்டார்கள். அவர் மட்டும் போட்டியை விடவில்லை. “அட்டவணையைப் போடுவது நாம் இல்லை, ரோடு” என்று அடிக்கடி சொல்வார். கனடாவிலேயே ஒரு குளிர்காலத்தில் மிக அதிகமான பனி பதிவானது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கோப்லேண்ட் மலையில்தான். 1971-72இல் 24 மீட்டருக்கு மேல் விழுந்தது. எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போக இருக்கும் ஒரே நெடுஞ்சாலை ரோஜர்ஸ் கணவாய் வழியாகப் போகிறது. 1962-இல் போட்ட சாலை. மேலே பனி கூடிவிட்டால் அது தானாகச் சரிந்து வண்டிகள்மேல் விழும்வரை காத்திருக்க முடியாது. சாலையை மூடிவிட்டு, ராணுவத்தின் 105 மி.மீ. பீரங்கியால் மலைச்சரிவில் சுட்டுப் பனியை முன்கூட்டியே இறக்கிவிடுகிறார்கள். அதை ஒதுக்கித் தள்ளியபிறகுதான் வண்டி போகும். ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம்.

அதனால் அந்த அம்மா ஒரு வழி வைத்திருக்கிறார். கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு டீமையும் ஒரே பிரிவில் போட்டு, முதல் மேட்சை அவர்களுக்குள்ளேயே வைத்துவிடுவார். அதையும் வெள்ளிக்கிழமையின் கடைசி மேட்சாக வைப்பார். சாலை மூடினால் கெடுவது ஒரு மேட்ச் மட்டும்தான். ஆளுக்கொரு மேற்கு டீமோடு வைத்திருந்தால் இரண்டு மேட்ச் போகும், நேரத்துக்கு வந்து சேர்ந்த இரண்டு டீமும் சும்மா உட்கார்ந்திருக்கும். அதோடு சனிக்கிழமை அதிகாலையிலும் இரவிலும் ஒவ்வொரு இடம் காலியாகவே விட்டிருப்பார். ரிங்க் வாடகை அதற்கும் கட்டத்தான் வேண்டும். கமிட்டியில் சிலருக்கு அது வீண்செலவாகத் தெரிந்தது. எனக்கு ஒருபோதும் அப்படித் தோன்றவில்லை.

இந்தத் தடவை அப்படியே ஆனது. வெள்ளி மதியம் கணவாயை மூடிவிட்டார்கள். கோல்டன் டீமும் இன்வெர்மியர் டீமும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. சாமன் ஆர்ம், வெர்னன், காம்லூப்ஸ் பக்கத்து டீம்கள் மேற்கிலிருந்து வந்து சேர்ந்து ஆடத் தொடங்கிவிட்டன. ராத்திரி ஏழு மணிக்குப் பாதை திறந்தது. கோல்டனிலிருந்து இங்கே 150 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் அந்தப் பனியில் ஊர்ந்துதான் வர முடியும். ஒன்பதரைக்கு மேல் வண்டிகள் ரிங்க் வாசலில் வந்து நின்றபோது சமையல் பொறுப்பில் இருந்தவர்கள் அடுப்பை அணைக்காமல் காத்திருந்தார்கள். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு உள்ளே வந்து பீன்ஸும் இறைச்சியும் போட்ட சூடான சில்லியைச் சாப்பிட்டார்கள். விடுபட்ட மேட்சை சனிக்கிழமை காலை ஆறரைக்கு வைத்தோம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆறரை கொடுமையாயிற்றே என்று கேட்பாய். கோல்டன் பக்கத்துக் கடிகாரம் எங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்களுக்கு அது ஏழரை மணி. அன்றைக்கு அந்த இரண்டு டீமுக்கும் மூன்று மேட்ச் விழுந்தது, அது அதிகம்தான். நடுவில் நாலு மணி நேரமாவது ஓய்வு கிடைக்கிற மாதிரி மற்ற மேட்சுகளை மாற்றி வைத்தோம்.

ஐஸைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். கான்கிரீட் தரைக்குள் குழாய் குழாயாக உப்புநீர் ஓடுகிறது. அதைக் குளிர்விப்பது பக்கத்து அறையில் உள்ள அம்மோனியா இயந்திரம். ஐஸின் கனம் மூன்று நாலு சென்டிமீட்டர்தான். ஒரு மேட்ச் முடிந்ததும் ஸ்கேட் கத்திகள் கீறிய கோடும் துகளுமாகக் கிடக்கும். ஜாம்போனி வண்டி வந்து மேலே மெல்லியதாகச் சீவி எடுத்துவிட்டு, பின்னால் ஈரத்துணியால் வெந்நீரை இழுத்துக்கொண்டே போகும். நம் வீட்டு ஆச்சிகள் வாசல் மெழுகுவது மாதிரியே இருக்கும். வெந்நீர் என்றால் கீறல்களை லேசாக உருக்கி ஒட்டிக்கொண்டு உறையும், ஐஸும் தெளிவாக வரும். வண்டி நகர்ந்த இடத்தில் முதலில் ஈரம் மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி இறுகிவிடும். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கதவு எப்போது திறக்கும் என்று நிற்பார்கள்.

அந்த அம்மோனியா அறைப்பக்கம் நாங்கள் யாரும் போவதில்லை. இதே மாகாணத்தில் ஃபெர்னி என்ற இன்னொரு மலையூரில், 2017 அக்டோபர் 17 அன்று ரிங்க்கில் அம்மோனியா கசிந்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேர் இறந்துபோனார்கள். சுற்றியிருந்த வீடுகளைக் காலி செய்ய வைத்தார்கள். குளிர்விக்கும் இயந்திரம் பழையது, அதில்தான் கசிவு என்று விசாரணையில் தெரிந்தது. பிள்ளைகள் விளையாட ஐஸ் வேண்டும் என்றால் அதற்குப் பின்னால் ராத்திரி பகலாக ஆட்கள் நிற்கிறார்கள் என்பதை இங்கே வரும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஞாயிறு பரிசளிப்பில் ரிங்க் ஊழியர்களைத்தான் முதலில் மேலே அழைத்தோம்.

அப்புறம் நடுவர்கள். சின்னப் பிள்ளைகள் மேட்சுக்கு நடுவராக வருகிறவர்களில் பல பேர் பதினாலு பதினைந்து வயதுதான். 18 வயதுக்குக் கீழே இருந்தால் கையில் பச்சைப் பட்டை கட்டியிருப்பார்கள். இவனும் பிள்ளைதான், பார்த்துப் பேசு என்று பெரியவர்களுக்குச் சொல்வதற்காக. சனிக்கிழமை ஒரு மேட்சில் அப்படி ஒரு பையன் பெனால்டி கொடுத்தான். கேலரியிலிருந்து ஒரு அப்பா எழுந்து நின்று கத்தினார். பையன் என் மேஜைக்கு வந்து பெனால்டியைச் சொன்னபோது விசிலைப் பிடித்த விரல் நடுங்கியது. ஆனால் சொல்ல வேண்டிய நம்பரையும் தப்பையும் சரியாகச் சொன்னான். அவன் சொன்ன பெனால்டியும் சரிதான். கத்தியவருடைய டீமின் கோச்சே மேலே ஏறிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினாரோ, அவர் அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. உன் போட்டியிலும் பழைய மாணவர்கள் யாராவது விசில் பிடிக்க வருவார்கள். அவர்களைக் காப்பாற்ற ஒரு ஆள் போடு. அவர்களை விரட்டிவிட்டால் அடுத்த வருஷம் நடுவருக்கு எங்கே போவாய்?

உடை மாற்றும் அறையில் பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் இருக்கவே கூடாது. அவர்கள் போலீஸ் சரிபார்ப்பு முடித்தவர்களாகவும் இருக்க வேண்டும். இது இங்கே கட்டாயம். அங்கே கட்டாயமாக இல்லாவிட்டாலும் நீ செய். வெளியூர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட ஹாலில் தங்க வைக்கப்போகிறாய் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பணம் எப்படி வருகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். டீம் கட்டணம், சாப்பாட்டுக் கடை, குலுக்கல் சீட்டு. குலுக்கலுக்கு மாகாண அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். ஊர்க் கடைகள் பொருளாகக் கொடுத்தன. அவ்வளவுதான்.

இப்போது உன் 16 டீமுக்கு வருகிறேன். நாலு பிரிவாகப் போடு. பிரிவுக்குள் 24 மேட்ச். அப்புறம் இடவரிசைக்கு ஆளுக்கு ஒன்று என்று 8. மொத்தம் 32. பாதிக்கு இருபது நிமிஷம் வைத்தால் ஒரு மேட்ச் ஐம்பது நிமிஷத்தில் முடியும். மே மாத வெயிலில் காலை ஆறு முதல் ஒன்பது இருபதுவரை நாலு, சாயங்காலம் நாலு முதல் ஆறரைவரை மூன்று. ஒரு நாளைக்கு ஏழு, ஐந்து நாளில் 35. ஒரே மைதானத்தில் 32 மேட்சும் நடத்திவிடலாம், மூன்று இடம் மழைக்கோ பஸ் லேட்டுக்கோ மிச்சம் இருக்கும். இப்படி ஆடினால் நாலு பிரிவின் முதல் டீம்களும் ஆளுக்கொரு மேட்சோடு நின்றுவிடும், கோப்பை யாருக்கு என்று முடிவாகாது என்பதும் தெரியும். அதற்கு அந்த மிச்சத்திலிருந்து ஒரு இடத்தை எடுத்து, ஜெயித்த இரண்டு டீமுக்கு ஃபைனல் வைத்துக்கொள்.

மைதானத்தில் விளக்கு உண்டா, எத்தனை டீம் ராத்திரி ரயிலில் வருகிறது, எந்த ஊர் டீம் கடைசியாக வந்து சேரும் என்று எழுதி அனுப்பு. அட்டவணையை நானே போட்டு அனுப்புகிறேன். டீம்களுக்கு எழுதும் அழைப்பில் நாலு மேட்ச் நிச்சயம் என்ற வரியை மட்டும் இப்போதே சேர்த்துவிடு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய லெஃப்ட் அவுட்