அப்பாவின் கையெழுத்தை என் மகன் போட்டான்

எங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு காலாண்டு விடுமுறையில் தாங்கள் நடத்திய ஐந்து நாள் இளைஞர் முகாமுக்கான படிவத்தில் பொய்க் கையெழுத்துப் போட்டுப் பிடிபட்ட பையனின் தாய் எழுதுகிறேன். விவரம் தங்களுக்குத் தெரியும். அன்று தாங்கள் மாடியில்தான் இருந்தீர்கள் என்றும், சத்தம் கேட்டு என்னவென்று விசாரித்தீர்கள் என்றும் பிறகு சொன்னார்கள்.

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். அவன் செய்தது தவறு. வீட்டுக்கு வந்ததும் கண்டிக்கத்தான் வாயைத் திறந்தேன். குரல் எழவில்லை. ஏனென்றால் அந்தக் கையெழுத்துக்கு அவனைப் பழக்கியவளே நான்தான்.

தங்கள் படிவத்தில் மூன்று இடங்களில் தந்தையின் கையொப்பம் கேட்டிருந்தீர்கள். தாய்க்கு ஓர் இடம்கூட இல்லை. நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவனே மூன்றையும் போட்டுவிட்டான். மை காயவில்லை. எழுத்தர் பார்த்துவிட்டு, "அப்பா எங்கே அம்மா?" என்றார். எல்லையில் என்றேன். "அப்படியானால் இதை யார் போட்டது?" என்றார். பையன் ஒளிக்கவில்லை. "நான்தான் சார்" என்றான். "ராணுவக்காரன் பிள்ளை பொய்க் கையெழுத்துப் போடலாமா?" என்று அவர் எழுந்து நின்று கேட்டார். ஓய்வூதிய வேலையாக வந்திருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் இருவர் எங்கள் ஊர்க்காரர்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்து அவர் சொன்னதுதான் இந்த மடலை எழுத வைத்தது. "மேலும், உங்கள் கணவர் இன்னும் பணியில் இருக்கிறார். இது முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான முகாம். அவர் ஓய்வு பெற்றதும் வாருங்கள்."

முகாமின் வயது வரம்பு 12 முதல் 17. என் மகனுக்கு இப்போது 13. அவர் ஓய்வு பெறும்போது இவனுக்கு இருபது வயது தாண்டியிருக்கும். அப்போது வருகிறோம், ஐயா. மீசையோடு வந்து கயிறு இழுக்கும் போட்டியில் கலந்துகொள்வான்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கையெழுத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் வகுப்பில் மதிப்பெண் அட்டையில் தந்தைதான் கையொப்பமிட வேண்டும் என்று ஓர் ஆசிரியை பிடிவாதமாக நின்றார். அப்போது நாங்கள் பதான்கோட்டில் இருந்தோம். என் கணவர் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போயிருந்தார். தொலைபேசியில் கேட்டபோது, "அவனையே போடச் சொல், பழகட்டும்" என்று சிரித்தார். பழைய விடுப்பு விண்ணப்பத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு இவன் நாள் முழுக்கப் பழகினான். கடைசி எழுத்தின் வாலை மேலே இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைப்பது அவர் வழக்கம். அந்தப் புள்ளிகள்கூடப் பிசகாது. அவர் விடுப்பில் வரும்போதெல்லாம் இருவரும் ஒரே தாளில் போட்டுவிட்டு, எது யாருடையது என்று என்னைக் கேட்பார்கள். பலமுறை தோற்றிருக்கிறேன். தங்கள் அலுவலகத்தில் குற்றமாக நின்றது எங்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் விளையாடும் ஒரே விளையாட்டு.

அப்பாவின் கையெழுத்தை இவ்வளவு அழகாகப் போடும் பையனுக்குத் தன் பெயரைத் தமிழில் எழுதத் தடுமாற்றம். அவன் பிறகு எப்படிப் படிப்பான்? செகந்திராபாத்தில் சேர்ந்தான், பதான்கோட்டுக்கு மாறினான், ஜான்சிக்கு மாறினான். எல்லாம் கேந்திரிய வித்யாலயா. ஆங்கிலமும் இந்தியும்தான் எழுத்து, தமிழ் வீட்டுப் பேச்சு. அவருக்கு ஃபீல்டு போஸ்டிங் வந்தது. அங்கே குடும்பம் வைத்துக்கொள்ள முடியாது. (எந்த இடம் என்று எழுத மாட்டேன். எழுதக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார், தங்களுக்கும் அது தெரியும்.) ஊருக்கு வந்து ஏழாம் வகுப்பில் சேர்த்தேன். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம். சட்டத்தின் மேல் எனக்குக் குறை இல்லை, என் பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் மற்றப் பிள்ளைகள் திருக்குறள் ஒப்பிக்கும்போது இவன் ணகர னகர வேறுபாட்டில் நிற்கிறான். வகுப்பில் இவன் பெயர் "இந்திக்காரன்". பதான்கோட்டில் இவனை "மதராஸி" என்று கூப்பிட்டார்கள். அங்கே ஒரு முறை சண்டை போட்டுவிட்டு வந்தான். இங்கே சண்டை போடுவதில்லை, பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

தங்கள் முகாம் அறிவிப்பைப் பேருந்து நிலையத்தில் பார்த்தவன் அவன்தான். "அம்மா, நம்மைப் போன்ற பிள்ளைகள் வருவார்கள்" என்றான். அவன் கேட்டது அதைத்தான். கயிறு இழுப்பதும் கவாத்தும் அல்ல. அப்பா வீட்டில் இல்லாத, மூன்று பள்ளி மாறிய, எந்த ஊர் என்று கேட்டால் ஒரு கணம் யோசிக்கிற இன்னும் நான்கு பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. தங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் கூட்ட அரங்கை மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்தப் பிள்ளைகளுக்காகத் திறந்துவிடுங்கள். பணியில் இருப்பவர் பிள்ளை, ஓய்வு பெற்றவர் பிள்ளை என்று பிரிக்காமல் எல்லாரையும் உள்ளே விடுங்கள்.

பணியில் இருப்பவர் குடும்பத்தை அவருடைய யூனிட் கவனிக்கும் என்பது தங்கள் தரப்பு. கவனிக்கிறது, மறுக்கவில்லை. ராணுவ மனைவியர் நலச் சங்கம் 1966 முதல் இருக்கிறது. குடும்ப நலக் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன், ஜான்சியில் தையல்கூடப் படித்தேன். ஆனால் அதெல்லாம் யூனிட் இருக்கும் ஊரில் நடப்பது. ஏரிக்கரை ஓரத்துக் கிராமத்துக்கு யூனிட் வராது. வர வேண்டியது தாங்கள்தான். முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919இல் இந்தியப் படைவீரர் வாரியம் என்று தொடங்கியபோதே, பிறகு அது கேந்திரிய சைனிக் போர்டு ஆகி மாவட்டம்தோறும் கிளை விரித்தபோதும், பணியில் இருப்பவர் ஊரில் விட்டுச் சென்ற குடும்பத்தைப் பார்த்துக்கொள்வதும் அதன் வேலைகளில் ஒன்று. எங்கள் பக்கத்துப் பழைய சாவடிச் சுவர்களில் வெள்ளைக்காரன் காலத்துக் கல் இன்றும் இருக்கிறது: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று. பின்னால் இருந்த வீடுகளை அந்தக் கல் எண்ணவில்லை. நூறு ஆண்டு கழித்துத் தங்கள் படிவமும் எண்ணவில்லை.

எனக்குத் தெரிந்தே பிரதமர் கல்வி உதவித்தொகை பணியில் இருப்பவர் பிள்ளைக்குக் கிடையாது. அது பணம், விதி இருக்கிறது, புரிகிறது. பூட்டிக் கிடக்கும் கூடத்துக்கும் அதே விதியா?

"சைனிக் பள்ளியில் சேர்த்திருக்கலாமே" என்றும் அன்று ஒருவர் அறிவுரை சொன்னார். அமராவதி நகர்ச் சைனிக் உறைவிடப் பள்ளி 1962 முதல் இருக்கிறது என்பதும், அங்கே படையினர் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு உண்டு என்பதும் எனக்கும் தெரியும். ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வின்போது நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். அப்பாவையும் பிரிந்து, ஓர் இரவுப் பயணத் தூரத்தில் அம்மாவையும் பிரிந்து இருப்பதுதான் இந்தப் பிள்ளைக்கு மருந்து என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

2025 மே மாதத்தைச் சொல்லாமல் விட முடியாது. 7ஆம் தேதி விடியற்காலையில் பாகிஸ்தான் மீதான தாக்குதல் செய்தி வந்தது. 10ஆம் தேதி மாலை சண்டை நிறுத்தம் என்றார்கள். இடைப்பட்ட நான்கு நாளும் அவருடைய தொலைபேசி அணைந்திருந்தது. அது அப்படித்தான் இருக்கும், எனக்குப் பழக்கம். ஆனால் பள்ளி விடுமுறை, பையன் வீட்டில். தொலைக்காட்சியில் சைரன் ஒலியைப் பின்னணியில் போட்டுக்கொண்டு, நடக்காத வெற்றிகளையெல்லாம் நடந்ததாகக் கத்தினார்கள். கேபிள் வயரைப் பிடுங்கிவிட்டேன். அவன் டீக்கடை வாசலில் போய் நின்று பார்த்தான். கூட்டிவரப் போனேன். கடையில் ஒருவர், "இன்னும் இரண்டு போடு போட்டால் அடங்குவான்" என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் இரவு, "அப்பாவுக்கு ஏதாவது ஆனால் முதலில் யாருக்குச் சொல்வார்கள், உனக்கா பள்ளிக்கா?" என்று கேட்டான். மூன்றாம் நாள் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க அந்தக் கையெழுத்தைப் போட்டு வைத்திருந்தான்.

அந்த நான்கு நாளில் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரும் அழைக்கவில்லை. எங்கள் வீட்டு எண் தங்களிடம் இல்லாமலும் இருக்கலாம். "தகவல் வந்ததா அம்மா?" என்று காலையும் மாலையும் வந்து கேட்டவர் தெருக்கோடியில் இருக்கும் ஓய்வு பெற்ற சுபேதார் மாமா ஒருவர்தான். ஐந்தாம் நாள் காலை என் கணவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "சாப்பிட்டாயா?" என்றார் அவர். பையன் பதில் சொல்லாமல் போய்ப் படுத்துப் பகல் முழுக்கத் தூங்கினான்.

டிசம்பர் 7 வருகிறது. 1949 முதல் கொண்டாடும் கொடி நாள். போன ஆண்டு கொடி ஒட்ட வந்தவர் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் யார் படையில் என்று கேட்கவில்லை. ஜூலை 26 கார்கில் நாளில் எங்களை முன்வரிசையில் உட்கார வைக்கிறீர்கள், துண்டு போர்த்துகிறீர்கள், மேடையில் இருப்பவர் எங்களைப் பார்த்துக் கைதட்டச் சொல்கிறார். கைதட்டல் ஓய்ந்ததும் கூடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அமெரிக்காவில் 1986 முதல் ஏப்ரல் மாதத்தையே படையினர் பிள்ளைகளுக்கான மாதம் என்று வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு மாதமெல்லாம் வேண்டாம். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் இளைஞர் நலன் என்று நடப்பது ஒன்றே ஒன்று: விடியற்காலையில் ஏரிக்கரையில் பையன்கள் ஓடுவது. ஆள்சேர்ப்புக்கான 1600 மீட்டர். அந்தச் சுபேதார் மாமாதான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்பார். படையில் சேருகிறவரை பயிற்சி உண்டு, சேர்ந்தவனுடைய பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கரையும் இல்லை. எதிர்வீட்டு ராணுவ நாயக்கின் மகள் கூடைப்பந்து ஆடிய பெண், இங்கே வந்தபின் பந்தைத் தொடவில்லை. இப்போது ஓடுகிறவர்கள் தேர்வானால் அக்னிவீரர்கள். நான்கு ஆண்டு முடிந்ததும் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரைதான் உள்ளே இருக்க முடியும். மற்றவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. 2022இல் அறிவித்த திட்டத்தின் முதல் அணி வெளிவரும் காலம் நெருங்குகிறது. பணியில் இருப்பவர் தங்களுடையவர் இல்லை, திரும்பி வரும் இவர்களும் முன்னாள் இல்லை என்றால், அந்தப் பெயர்ப்பலகை யாரைத்தான் வரவேற்கிறது?

எங்கோ போய்விட்டேன். அக்னிவீரர் விதி தாங்கள் எழுதியது அல்ல. எழுத்தரையும் குறை சொல்லவில்லை. அவர் மேசையில் அன்று இருந்த கோப்புகளை நான் பார்த்தேன். அத்தனைக்கும் அவர் ஒருவர்தான். ஆகவே அவருக்கு வேலை வைக்காமலே கேட்கிறேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து முதல் ஒரு மணிவரை அந்தக் கூடத்தைத் திறந்துவிடுங்கள். சாவியைச் சுபேதார் மாமா வாங்கித் திருப்பித் தருவார், எழுத்தில் பொறுப்பேற்கச் சம்மதித்திருக்கிறார். தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தர, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கட்டணம் இல்லாமல் வருகிறேன் என்கிறார். தேநீரும் சுண்டலும் எங்கள் செலவு. இதுவரை நான் பேசிய வீடுகளில் ஒன்பது பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள். தங்களிடம் முகவரிகள் இருக்கும். ஒரு கடிதம் போட்டால் இன்னும் வருவார்கள். படிவங்களில் "தந்தை கையொப்பம்" என்ற இடத்தில் "தந்தை அல்லது தாய்" என்று அச்சிட முடியுமானால் அதுவும் பெரிய உதவி. அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் பதில் கிடைத்தால் விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.

இத்துடன் ஒரு விண்ணப்பம் இணைத்திருக்கிறேன். கீழே என் கையொப்பம் இருக்கிறது. அதற்கு மேலே, விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் அவனே தமிழில் எழுதியிருக்கிறான். இரண்டாவது எழுத்தில் பிழை. நான் திருத்தவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
பணியில் இருக்கும் ஒரு ஹவில்தாரின் மனைவி