‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தைத் துண்டு போடாதீர்கள்

பழைய அமெரிக்கப் படங்களைத் திரையிடும் திரைப்படச் சங்க நண்பர்களுக்கு,

வணக்கம். 1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் வெளியான ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தை ‘பேசும் பட வரலாறு’ என்ற தலைப்பில் சேர்த்து, கதாநாயகன் அல் ஜோல்சன் பேசும் சில நிமிடங்களை மட்டும் போடாதீர்கள். முழுப் படத்தையும் போடுங்கள். கறுப்பர் வேடம் போட அவர் முகத்தில் கரி பூசும் காட்சிகளை நீக்கவே வேண்டாம்.

படத்தில் வாய்ப்பேச்சு மொத்தமே இரண்டு நிமிடம் அளவுக்குத்தான். மற்ற உரையாடலெல்லாம் எழுத்து அட்டைகளில் வருகிறது. ஜோல்சன் நடிக்கும் யூத இளைஞன் ஜாக்கி ராபினோவிட்ஸ், ‘ஜாக் ராபின்’ என்ற பாடகனாகி வீடு திரும்புகிறான். பியானோவில் உட்கார்ந்து அம்மாவிடம் வாய் ஓயாமல் பேசுகிறான். யூத ஜெப ஆலயத்தில் பாடும் அப்பா உள்ளே வந்து “நிறுத்து!” என்கிறார். அந்தச் சொல்லோடு பேச்சு நின்று, படம் மறுபடி மௌனப் படமாகிறது. பலரும் துண்டை இதற்கு முன்னாலேயே முடித்துவிடுகிறார்கள். அப்போது பழைய உலகம் புதிய குரலை அடக்கும் இடமே காணாமல் போகிறது.

ஓட்டும் முறையிலும் கவனம் வேண்டும். ஒலி அன்று படச்சுருளில் இல்லை; ரீலுக்கு ஒன்றாக 16 அங்குல இசைத்தட்டுகளில் இருந்தது. சுருள் அறுந்தால், போன ஃபிரேம்களுக்கு ஈடாக அதே எண்ணிக்கையில் கறுப்பு ஃபிரேம் ஒட்டியாக வேண்டியிருந்தது. தவறினால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். மௌனப் பகுதிகளுக்கும் இசை பதிவாகியிருப்பதால், அங்கே ஒலியைக் குறைத்துவிட்டு வேறு பியானோ சேர்க்காதீர்கள். வேகம் முழுக்க நொடிக்கு 24 ஃபிரேம். அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டினால் தலைகள் போய்விடும்.

இனி கரி. ஜாக் ஒப்பனை அறையில் காதலியோடு பேசியபடியே முகத்தைக் கறுப்பாக்கி, சுருள்முடி டோப்பா வைக்கிறான். கண்ணாடியைப் பார்க்கிறான், அதில் ஜெப ஆலயம் தெரிகிறது. படத்தின் மையம் இதுதான். படம் வருவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1924 அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பியர் வருகையை ஏறக்குறைய அடைத்திருந்தது. லிதுவேனியாவில் பிறந்த யூதரான ஜோல்சன், கறுப்பர் வேடத்தின் வழியே வெள்ளை அமெரிக்கர் ஆகிறார். காட்சி முடிந்ததும் அவரால் அதைத் துடைத்துவிட முடியும். கறுப்பினக் கலைஞர் பெர்ட் வில்லியம்ஸும் மேடையில் எரித்த தக்கைக் கரியைப் பூசிக்கொண்டுதான் நின்றார். துடைத்த பிறகும் அவர் கறுப்பர்தான். இந்த வேறுபாட்டைத் திரையிடலுக்கு முன் மூன்று நிமிடம் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும் ஒற்றை வரி அட்டை போதாது.

கலந்துரையாடலுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் கண்ணாடிக் காட்சியை மட்டும் இன்னொரு முறை, ஒலியோடு போட்டுக் காட்டுங்கள்.